ஒரு வில்லை, இரண்டு ஈரல்

என் மனைவியின் ஈரலை நாற்பத்தொரு நாள் திருடினேன். கத்தி எடுக்கவில்லை, ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. மத்தியானம் அவள் தூங்கும்போது பத்துப் பத்து நிமிடமாக இரவல் வாங்கினேன், அவ்வளவுதான். கேட்காமல் வாங்கியதால் திருட்டு என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் திருட்டால் அவள் உயிருக்கு ஆபத்து வந்ததா, இல்லை அதனால்தான் பிழைத்தாளா என்பது எங்கள் வீட்டில் இன்னும் முடியாத வழக்கு. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் செண்பகராஜ். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மின்சார அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தேன். மீட்டர்கள் தாமாகவே ஆபீசுக்குச் செய்தி அனுப்பக் கற்றுக்கொண்ட பிறகு, மீட்டரை ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். காந்தம் வைத்தவன், பக்கத்து வீட்டு வயரில் கொக்கி போட்டவன், ஒருத்தனையும் விட்டதில்லை. மடவார்வளாகம் பக்கம் ஒரு மாடி வீடு. கீழ்வீட்டில் ஒரு பல்பும் ஒரு விசிறியுமாகக் குடியிருந்த ஒரு வாத்தியாருக்கு ரீடிங் எகிறு எகிறு என்று எகிறியது. போய்ப் பார்த்தால், மேல்வீட்டு ஏசி கீழ்வீட்டு மீட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டும்போதே வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறான் புண்ணியவான். அதைக் கண்டுபிடித்ததற்கு எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் தந்தார்கள். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன்.

எனக்குச் சர்க்கரை வந்து பதின்மூன்று வருடம். கோதைக்கு ஒன்பது வருடம். கோதை என் மனைவி. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். தெருவில் இருக்கிற அத்தனை பெண்களின் அளவும் அவள் நோட்டில் இருக்கும். நாற்பத்தாறு கிலோ. நான் தொண்ணூற்றிரண்டு. ஒரு கோதையை இரண்டால் பெருக்கினால் நான் என்று என் மாமனார் ஒருதரம் கணக்குப் போட்டுச் சொன்னார். அவரோடு எனக்கு அன்றிலிருந்தே சரிப்படாது.

ஓய்வூதியர்களுக்கு ஈரல் வில்லை கொடுக்கிற திட்டம் எங்கள் ஊருக்கு வந்தபோது, ஜெனிட்டா என்கிற நர்ஸ் வீட்டுக்கே வந்தாள். வில்லை என்பது அப்பளம் அகலத்துக்கு, மெத்தென்று, சாம்பல் நிறத்தில் ஒன்று. வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே ஒட்ட வேண்டும்.

"இது என்னம்மா செய்யும்?" என்றேன்.

"தட்டிப் பாக்கும் சார். இளநீக்காரர் காயத் தட்டிப் பாத்து வழுக்கையா, முத்தலான்னு சொல்றாருல்ல? அதே கதைதான். வெளியிலிருந்து லேசா தட்டும், உள்ள போற சத்தம் எப்படித் திரும்பி வருதுன்னு கேக்கும். ரெண்டு நம்பர் சொல்லும். மொதல் நம்பர், ஈரல்ல எவ்வளவு கொழுப்பு இருக்குன்னு. ரெண்டாவது நம்பர், ஈரல் எவ்வளவு இறுகியிருக்குன்னு."

"ஏம்மா, நான் தண்ணி போடுற ஆளே இல்லியே. ஈரல் கெட்டுப்போறது குடிகாரப் பயலுகளுக்குத்தான?"

"எல்லாரும் இதத்தான் சார் கேக்குறாங்க. சுகர் இருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல ஈரல்ல கொழுப்பு இருக்கு. வலிக்காது, காட்டிக்குடுக்காது. கொழுப்பு ரொம்ப நாள் உக்காந்திருந்தா சில பேருக்குத் தழும்பு விழுந்து இறுகிடும். அது தெரியிறதுக்குள்ள காலம் கடந்துரும். அதான் தெனம் ஒரு தரம் தட்டிப் பாக்குறோம்."

பிறகு செய்முறை சொன்னாள். மத்தியானம் மல்லாந்து படுக்க வேண்டும். வலது கையைத் தூக்கித் தலைக்கு மேல் போட வேண்டும். அப்போதுதான் விலா விரியும். வில்லையில் கட்டைவிரலை வைத்தால் ஆள் யாரென்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்கும். பத்து நிமிடம் அசையக் கூடாது. ரீடிங்கைப் போன் வாசிக்கும்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த கோதை கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "எனக்கும் சுகரு இருக்கே கண்ணு. எனக்கு ஒண்ணு கிடையாதா?"

"இப்ப பென்ஷன் வாங்குறவங்களுக்கு மட்டும்தான்க்கா. வீட்டுக்காரங்களுக்கு அடுத்த கட்டத்துல வரும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே. "உனக்கு எதுக்குடி? ஈர்க்குச்சிக்கெல்லாம் ஈரல் பாக்க ஆரம்பிச்சா நாடு தாங்குமா?" என்றேன். ஜெனிட்டா சிரிக்கவில்லை. கோதை மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாள்.

வில்லையோடு ஒரு வில்லங்கமும் வந்தது. கொழுப்பு எண் இருநூற்றுத் தொண்ணூறுக்குள் இருந்தால் பச்சை. தாண்டினால் சிவப்பு. சர்க்கரைக்காரர்களுக்கு நிறம் பார்த்துத்தான் இனிப்பு விற்க வேண்டும் என்று அந்த வருடம்தான் சட்டம் போட்டிருந்தார்கள். கடை வாசலில் ஒரு கண்ணாடி இருக்கும். முகத்தைப் பார்த்ததும் உங்கள் நிறத்தைச் சொல்லிவிடும். இந்தச் சட்டத்தை எழுதியவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்ததே இல்லை என்று சத்தியம் செய்வேன். தெருவுக்கு நாலு கடையில் பால் காய்ந்துகொண்டிருக்கிற ஊர் இது. இங்கே மூக்கை மூடிக்கொண்டு நடந்தால்கூட நாக்கில் பால்கோவா இனிக்கும்.

என் எண் முந்நூற்றுப் பதினெட்டு.

முதல் நாள் பால்பாண்டி கடைக்குப் போனேன். இருபது வருடப் பழக்கம். நான் வாசலில் கால் வைத்ததும் கண்ணாடி கீங் என்று கத்தியது. கடையிலிருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதீக. மிக்சர் வேணா தரட்டா?" என்றான் பால்பாண்டி.

"ஏண்டா, மிக்சர் திங்கவாடா நான் சைக்கிள மிதிச்சிட்டு வந்தேன்?"

"சட்டம்ணே. கடைய மூடிருவாய்ங்க."

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சிவகாசியில் என் சொந்த அக்கா மகளின் கல்யாணம். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜாங்கிரிக் கூடையோடு வந்த பையன் ஒவ்வொரு இலையிலும் வைத்துக்கொண்டே வருகிறான். என் இலை வந்ததும் கையிலிருந்த போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தாண்டிப் போய்விட்டான். பக்கத்து இலைக்காரர் எனக்கு முன்பின் தெரியாதவர். "சிவப்பா? குடியக் கொஞ்சம் கொறைங்க சார்" என்றார் அன்பாக. தாய்மாமன் நான்! சீர்த்தட்டு தூக்கி வந்தவன்! அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் சாம்பார் சாதத்தோடு எழுந்துவிட்டேன்.

குறைத்துச் சாப்பிட்டு நடந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நடந்தேன். நாலு நாள். எண் இரண்டு இறங்கியது. இந்த வேகத்தில் பச்சைக்கு வருவதற்குள் நான் சிவலோகம் போய்விடுவேன் என்று தோன்றியது. ஐந்தாம் நாள் மத்தியானம் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு வெறுப்போடு உட்கார்ந்திருந்தபோதுதான் கோதையைப் பார்த்தேன். மெஷினுக்குப் பக்கத்தில் பாயில் மல்லாந்து தூங்குகிறாள். வலது கை தலைக்கு மேலே கிடக்கிறது. சேலைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் விலா தெரிகிறது. ஜெனிட்டா சொன்ன அதே கோலம். எதிரே சுவரில் என் பாராட்டுக் கடிதம்.

மேல்வீட்டு ஏசி, கீழ்வீட்டு மீட்டர்!

வேலியே பயிரை மேய்ந்தது. என் கட்டைவிரலை வில்லையில் வைத்தேன். "வணக்கம் செண்பகராஜ் அவர்களே" என்றது போன். அதன் வாயைப் பொத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வில்லையைக் கோதையின் விலாவுக்குக் கீழே ஒட்டினேன். அவள் ஈயை விரட்டுகிற மாதிரி ஒருதரம் கையை வீசினாள், பிறகு மறுபடியும் தலைக்கு மேலே போட்டுக்கொண்டாள். டொக், டொக், டொக். பத்து நிமிடம் எனக்குப் பத்து வருடம். பின்கட்டுக்குப் போய்ப் போனைக் காதில் வைத்தேன்.

"கொழுப்பு எண் இருநூற்று நாற்பத்தொன்று. பச்சை. வாழ்த்துகள்! இறுக்க எண்..."

அணைத்துவிட்டேன். வாழ்த்துக்குப் பிறகு என்ன பேச்சு?

அன்று மாலை பால்பாண்டி கடைக் கண்ணாடி என்னைப் பார்த்து மணி அடித்து வரவேற்றது. "எப்படிண்ணே ஒரே நாள்ல?" என்று அவன் வாயைப் பிளந்தான். "மனக்கட்டுப்பாடு" என்றேன். கால் கிலோ வாங்கினேன். சூடு ஆறாத பால்கோவா, அடிப்பிடித்த இடம் லேசாகச் சிவந்திருக்கும், அதைத் தனியாகச் சுரண்டி வைத்துக் கொடுத்தான். அடடா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வேன்.

அப்படியே நாற்பத்தொரு நாள், ஐயப்பனுக்கு மாலை போட்டவன் மாதிரி தவறாமல். மத்தியானம் கோதையின் ஈரல், மாலையில் என் வாய். ஊரில் எனக்குப் பெயர் கூடிப்போனது. ஓய்வூதியர் சங்கத்தில் 'மனம் வைத்தால் பச்சை' என்று என்னைப் பேசச் சொன்னார்கள், பேசினேன். பேசி முடித்ததும் ஒரு லட்டு கொடுத்தார்கள், தின்றேன். போன் இரண்டாவது எண்ணைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் அணைத்துவிடுவேன். அதற்கு நிறம் கிடையாது. நிறம் இல்லாத எண்ணை எந்தக் கடைக்காரன் கேட்கப் போகிறான்? பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். வாங்கி வந்த பால்கோவாவை நான் தின்றது போக மிச்சம் இருக்கும். கோதை எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவள். குழம்பு மிஞ்சினால் குழம்பு, வெறும் சோறும் ஊறுகாயும் மிஞ்சினால் அது. மகன் சென்னைக்குப் போய் எட்டு வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கிற பால்கோவாவை விரலால் வழித்து, "வீணாப் போகுதே" என்று வாயில் போட்டுக்கொள்வாள். மாத்திரையை மட்டும் பாதியாக உடைப்பாள். முழுசாகப் போட்டால் தலை சுற்றுகிறதாம். இதெல்லாம் தினமும் என் கண்ணெதிரே நடந்தது. ஊர் மீட்டரை எல்லாம் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் காலையில் ஜெனிட்டா போன் செய்தாள்.

"சார், உங்க கொழுப்பு நல்லா கொறைஞ்சிருக்கு. ஆனா இறுக்கம் திடீர்னு எகிறியிருக்கு. ஆறுல இருந்தது பன்னெண்டு. ஒரு நாள் ரெண்டு நாள்னா வில்லை சரியா ஒட்டலன்னு விட்டுருவோம். நாப்பத்தொரு நாளும் பன்னெண்டு. டாக்டரம்மா உடனே வரச் சொல்றாங்க."

"மெஷின் கோளாறா இருக்கும்மா."

"இருந்தா நல்லதுதான் சார். வாங்க."

அவள் குரலில் இருந்த பரிவு எனக்குப் பிடிக்கவில்லை. பயந்துவிட்டேன். பால்கோவா தின்று தின்று என் ஈரல் கல்லாகிவிட்டது என்றே நினைத்தேன். இருந்த பதற்றத்தில் அந்த ரீடிங் என்னுடையதே இல்லை என்பது மறந்துவிட்டது பாருங்கள்! நாற்பத்தொரு நாள் சொன்ன பொய்யை நானே நம்பியிருக்கிறேன். கோதையிடம் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

டாக்டர் மெஹருன்னிசா பெரிய மெஷினை வைத்து என் விலாவைப் பத்துத் தடவை தட்டினார். திரையைப் பார்த்தார். மறுபடியும் பத்துத் தடவை தட்டினார். பிறகு நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சார், உங்க ஈரல்ல கொழுப்பு முந்நூத்தி இருபத்தி நாலு. இறுக்கம் ஆறு. கொழுப்பு ஜாஸ்தி, ஆனா ஈரல் இன்னும் மெத்துன்னுதான் இருக்கு."

"அப்ப மெஷின் கோளாறுதான?"

"கோளாறு ஒரு நாள் வரும், ரெண்டு நாள் வரும். நாப்பத்தொரு நாளும் ஒரே மாதிரி வராது. வில்லை சரியாத்தான் சொல்லியிருக்கு. ஆனா அது சொன்னது உங்க ஈரல இல்ல." திரையை என் பக்கம் திருப்பினார். "வீட்டுல வேற யாருக்கு சுகர் இருக்கு?"

கீழ்வீட்டு வாத்தியார் ஞாபகம் வந்தது. ஒரு பல்பும் ஒரு விசிறியும் வைத்திருந்தவர் வீட்டில் ரீடிங் ஏறியபோது, இவர் வீட்டில் என்ன இருக்கப் போகிறது என்றுதான் நானும் முதலில் அலட்சியமாக இருந்தேன். "அவ ரொம்ப ஒல்லிம்மா" என்றேன்.

"ஒல்லியா இருந்தா வராதுன்னு யாரு சொன்னா? ஒல்லியா இருக்கிறதால யாருமே பாக்குறதில்ல, அதான் நிஜம். அதோட இன்னொண்ணு. ஈரல் இறுக இறுக, சில பேருக்குக் கொழுப்பு கொறைஞ்சுக்கிட்டே வரும். மொதல் நம்பர மட்டும் பாத்தா சந்தோஷமா இருக்கும். நிறத்த ரெண்டு நம்பரையும் வச்சுக் குடுங்கன்னு நானும் எழுதிப் போட்டேன். கடைக்காரங்களுக்குக் கொழப்பமா இருக்கும்னு பதில் வந்துச்சு."

"பன்னெண்டுன்னா... எம்புட்டு மோசம்மா?"

"நல்லா தழும்பு விழுந்திருக்கு. இன்னும் ரெண்டு மூணு வருஷம் இப்படியே விட்டிருந்தா வயித்துல நீர் கோத்துக்கிட்டு, ரத்த வாந்தி எடுத்துக்கிட்டுத்தான் இங்க வந்திருப்பாங்க. இப்ப கண்டுபிடிச்சதால இழுத்துப் பிடிக்கலாம். கொஞ்சம் திருப்பக்கூட முடியும். நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டுநர் இல்லாத ஆட்டோ நின்றது. ஏறி உட்கார்ந்தேன். எங்கே போக வேண்டும் என்று அது மூன்று முறை கேட்டது. நான் அழுதுகொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அறுபத்தோரு வயசில் ஆட்டோவில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கடைசியில் அது தானாகவே நான் வழக்கமாகப் போகிற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. இறங்கிப் பார்த்தால் பால்பாண்டி கடை. கண்ணாடி மணி அடித்தது. அங்கிருந்து நடந்தே வீட்டுக்குப் போனேன்.

கோதை யாருக்கோ கல்யாண ஜாக்கெட்டுக்கு ஜரிகை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டைவிரல், வில்லை, பால்கோவா, பன்னிரண்டு. ஒன்றையும் மறைக்கவில்லை. கத்தரியை எடுத்து மண்டையில் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஊசியிலிருந்த நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க வில்லைய ஒட்டுறது. மொத நாளே முழிப்பு வந்துருச்சு. ஜில்லுனு அப்பளத்த வயித்துல ஒட்டுனா எந்தப் பொம்பள தூங்குவா?"

"பின்ன ஏண்டி ஒண்ணும் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? எனக்கு வில்ல கிடையாதுன்னுட்டாக. நீங்களும் ஈர்க்குச்சின்னுட்டீக. எனக்குன்னு யாரு பாத்தா? சரி, ஓசியில பாத்துக்கிட்டுப் போறாரே, ஏதாச்சும் இருந்தா சொல்லாமலா போயிருவாருன்னு இருந்தேன். கைய தூக்கித் தலைக்கு மேல போட்டுப் படுத்தது என்ன, சும்மாவா? அந்த நர்ஸ் பிள்ள சொன்னது எனக்குந்தான காதுல விழுந்துச்சு."

நான் தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"நெதம் ரீடிங்கு பாத்துட்டு வந்து பால்கோவா பெட்டிய நீட்டுனீக. அப்ப நம்ம ஒடம்பு நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன். நம்பித்தான் தின்னேன்" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெரிய மெஷின் பன்னிரண்டு புள்ளி ஒன்று என்றது. டாக்டர் மாத்திரையை மாற்றினார். பாதி உடைக்கக் கூடாது, முட்டை, பயறு, மீன் என்று சத்துள்ளதாகச் சாப்பிட வேண்டும், மிச்சம் மீதி சாப்பிடக் கூடாது, வாரத்தில் ஆறு நாள் நடக்க வேண்டும் என்றார். வாரம் ஒரு ஊசியும் எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலே, தினமும் ஒரு தரம் ஈரலைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்றார்.

"எதை வச்சும்மா பாக்குறது?" என்றேன்.

டாக்டர் ஜெனிட்டாவைப் பார்த்தார். ஜெனிட்டா கையைப் பிசைந்தாள். "அடுத்த கட்டம் தை மாசத்துக்கு மேலதான் சார் வரும். இப்ப ஒரே ஒரு வழி இருக்கு. நீங்க உங்க வில்லைய அக்கா பேருக்கு எழுதிக் குடுக்கலாம். அந்த நாப்பத்தொரு ரீடிங்கும் உங்களது இல்லன்னு கையெழுத்துப் போட்டா, அதையும் அக்கா கணக்குல சேத்துருவேன். ஆனா விதிப்படி வில்லை இல்லாத சுகர்காரங்க எல்லாம் சிவப்பு. அடுத்த வில்லை வர்ற வரைக்கும் ஊர்ல ஒரு கடையிலயும் உங்களுக்கு..."

"பேனாவக் குடும்மா" என்றேன்.

வில்லையைக் கழுவிப் புது உறை மாட்டி, கோதையின் கட்டைவிரலைப் பதியவைத்தாள். "வணக்கம் கோதைநாயகி அவர்களே" என்றது. கோதை கூச்சத்தோடு அதற்குப் பதில் வணக்கம் வைத்தாள்.

செய்தி ஊரில் பரவியது. ஓய்வூதியர் சங்கத்தில் என் பேச்சின் பதிவை அழித்துவிட்டார்கள். பால்பாண்டி மட்டும், "அண்ணே, மனக்கட்டுப்பாடு மத்தியானத் தூக்கத்துலதான் வருமா?" என்று ஆறு பேர் முன்னால் கேட்டான். கேட்கட்டும். பாராட்டுக் கடிதத்தை நானே சுவரிலிருந்து கழற்றினேன். அந்த ஆணியில் இப்போது கோதையின் மாத்திரைப் பை தொங்குகிறது.

அதன் பிறகு எங்கள் வீட்டுச் சட்டமே மாறியது. அவள் முதலில் உட்காருவாள், நான் பரிமாறுவேன். மிஞ்சியது எனக்கு, மிஞ்சுவது பெரும்பாலும் வெள்ளரிக்காய். காலையில் பெரியகுளம் கண்மாய்க் கரையில் இரண்டு பேரும் நடப்போம். அவள் முன்னே ஓடுவாள், நான் பின்னே உருளுவேன். மூன்று மாதத்தில் நான் ஒன்பது கிலோ இறங்கினேன். என் சட்டைகளை எல்லாம் அவளே பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

ஆனால் ரீடிங் மட்டும் நகரவில்லை. மத்தியானம் நான் தூங்கும்போது அவளே வில்லையை ஒட்டிப் பார்த்துக்கொள்வாள், நான் எழுந்ததும் நாலு மணிக்குப் போனைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். பன்னிரண்டு. பன்னிரண்டு. பதினொன்று புள்ளி ஒன்பது. மறுபடி பன்னிரண்டு. "தழும்பு மெதுவாத்தான் சார் கரையும், வருஷக்கணக்கு ஆகும்" என்று ஜெனிட்டா சொல்வாள். எனக்கு மனம் கேட்காது. ஒவ்வொரு ரீடிங்கும் நான் நீட்டிய ஒவ்வொரு பால்கோவா பெட்டியாகத் தெரியும். ராத்திரிச் சாப்பாடு இறங்காது. கோதை என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நாலாவது மாதம் அதிசயம் நடந்தது. ஒரு திங்கட்கிழமை போன் சொன்னது: இறுக்க எண் ஐந்து புள்ளி எட்டு! நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. செவ்வாய் ஐந்து புள்ளி ஒன்பது. புதன் ஐந்து புள்ளி எட்டு. இரண்டு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. கோயிலுக்குப் போனேன். பால்பாண்டியைக் கட்டிப்பிடித்தேன். ஜெனிட்டா மட்டும், "ஆச்சரியமா இருக்கு சார், டாக்டரம்மாகிட்ட காட்டுறேன்" என்று இழுத்தாள்.

மூன்றாம் வாரம்தான், பழைய புத்தி விழித்தது. இந்தத் தடவை நான் போனை அணைக்கிறவன் இல்லையே. இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இறுக்கம் பன்னிரண்டிலிருந்து ஆறுக்குள் வந்த அதே திங்கட்கிழமை, கொழுப்பு இருநூற்று முப்பதிலிருந்து இருநூற்று எழுபதுக்கு ஏறியிருக்கிறது. இவ்வளவு நடந்து, இவ்வளவு பத்தியம் இருந்தவளுக்கு ஒரே நாளில் எப்படிக் கொழுப்பு ஏறும்? முப்பத்தொரு வருட அனுபவம் காதில் சொன்னது: வயர் மாறியிருக்கிறது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போலக் கட்டிலில் விழுந்து குறட்டை விட்டேன். நடிப்புக் குறட்டை. கொஞ்ச நேரத்தில் வளையல் சத்தம். பனியன் மெல்ல மேலே ஏறியது. ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள் என் வலது கையைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்தன. விலாவில் ஜில்லென்று ஒட்டியது. டொக், டொக், டொக்.

கண்ணைத் திறந்தேன். கோதை ஒரு கையில் போனோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் நின்ற அதே நிலை.

"கோதை! என்ன இது?"

அவள் திடுக்கிடவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். "ஒங்க மொகத்தப் பாக்க முடியலங்க. நெதம் ரீடிங்கு வந்ததும் கரண்டு போன வீடு மாதிரி ஆயிருதீக. சோறு எறங்க மாட்டேங்குது. எனக்கு எதாச்சும் ஆகிப் போறதுக்கு முன்னாடி நீங்க போய்ச் சேந்துருவீக போல இருந்துச்சு. அதான் நாலு நாளைக்கு நல்ல நம்பரு காட்டுவோம்னு."

"அடிப்பாவி! நாலு நாளா? மூணு வாரம்! உன் ஈரலுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம போயிருமேடி!"

"அதுவும் போக..." என்றவள், என் பனியனைக் கீழே இழுத்துவிட்டாள். "இருந்த வில்லைய எனக்குக் குடுத்துட்டீக. ஒங்களுக்கு யாரு பாக்குறா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீரும் வந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. அந்த நேரம் பார்த்து, "வாழ்த்துகள் கோதைநாயகி அவர்களே" என்றது போன். "சும்மா கிட" என்று இரண்டு பேருமே அதைத் திட்டினோம்.

பிறகு என் விலாவிலிருந்து வில்லையைப் பிய்த்தேன். நாலு முடியும் சேர்ந்து வந்தது. கோதையைப் பாயில் படுக்கச் சொன்னேன். படுத்தாள். கையைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். கட்டைவிரலை வைத்தாள். நானே ஒட்டினேன். டொக், டொக், டொக். பத்து நிமிடம். விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

போன் வாசித்தது. அணைக்காமல் கடைசி வரை கேட்டேன். கேட்டதை அவளுக்கு உரக்கத் திருப்பிச் சொன்னேன்.

"கொழுப்பு இருநூத்தி இருபத்தாறு. இறுக்கம் பதினொண்ணு புள்ளி ரெண்டு."

"பன்னெண்டுல இருந்தா?"

"பன்னெண்டுல இருந்துதான்."

கோதை தலையை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

"நெசமாவே என்னோடதுதானா?"

"உன்னோடதேதான்" என்றேன்.